கைக்கெட்டும் பழுது

கடியப்பட்டணத்தில் ஒரு வள்ளத்துக்கு இரண்டு வாழ்க்கை. விடியும் முன் கடல், வெயில் ஏறியதும் மணல். துறைமுகத்தில் கட்டிப்போடுகிற விசைப்படகுக்கு இந்தப் பாடு கிடையாது. வள்ளமோ ஒவ்வொரு நாளும் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போகவேண்டும், தாண்டி வரவேண்டும், பிறகு ஆள் சேர்ந்து இழுத்து மேடேற்ற வேண்டும். அதனால் கடலைவிட மணல்தான் அதை அதிகம் தின்கிறது. அடிப்பலகையில் பைபர் பூச்சு தேய்ந்த இடத்தில் உப்புநீர் பிளைவுட்டுக்குள் இறங்கும். அடுக்குகள் பிரியும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே பலகை ஊறிக் கூழாகிக் கொண்டிருக்கும்.

நிலத்துக்கும் நீருக்கும் சேர்த்துச் செய்த எதற்கும் இதே சங்கடம்தான். இரண்டாம் உலகப் போரில், 1942-ல், அமெரிக்கா செய்யத் தொடங்கிய 'டக்' என்ற ஆறு சக்கர லாரி, கடலில் நீந்திவந்து கரையேறி அப்படியே சாலையில் ஓடும். 1960-களில் ஜெர்மனியில் 'ஆம்ஃபிகார்' என்று ஒரு கார், ஏரிக்குள் இறங்கி மறுகரை ஏறும். இன்றும் அவற்றைத் தேடியெடுத்துச் செப்பனிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுழலும் தண்டு வெளியே வரும் துளை, அதை அடைக்கும் சீல், பேரிங், கிரீஸ் என்று தண்ணீர் நுழையக்கூடிய இடங்களிலேயே அவர்கள் கண் இருக்கும்.

பெரியப்பாவின் வள்ளம் சில மழைக்காலங்களாக மணலில் கிடந்தது. அவர் மகன் வளைகுடாவில். "அதைத் தூக்கிப் போடுங்க அப்பா, புதுசு வாங்கித் தாறேன்" என்று அவன் சொன்னது பாசத்தில்தான். பெரியப்பா மாட்டேன் என்றார். இருவரும் சொல்வதில் நியாயம் இருந்தது. எதைப் பழுது பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னையும் பிடித்துக்கொண்டது.

எங்கள் கரையின் பழைய கட்டுமரத்துக்கு இந்தக் கேள்வியே வராது. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரப் போடுவார்கள். ஒரு மரம் நீர் குடித்துக் கனத்துப்போனால் அதை மட்டும் மாற்றுவார்கள். கட்டத் தெரிந்தவனுக்கு அவிழ்க்கவும் தெரியும், உடையவனே தச்சனும். ஆனால் அந்தக் காலத்தை நினைத்து நான் ஏங்கவில்லை. கட்டுமரத்தில் போகிறவன் நாள் முழுக்க ஈரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மரத்துக்குப் பதில் பலகை வந்ததும் எஞ்சின் வந்ததும் அவன் உடம்புக்குக் கிடைத்த ஆறுதல்.

பக்கத்து முட்டத்தில் 1970-களில் பியர் ஜில்லே என்ற வெளிநாட்டுப் படகு வடிவமைப்பாளர் நம் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட்டில் சிறு படகுகள் செய்து பார்த்தார். அந்த அனுபவத்தை 1985-ல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்ற புத்தகமாக எழுதினார். சிறு படகு செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட மனிதர். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சென்னையிலிருந்து நடத்திய வங்காள விரிகுடாத் திட்டமும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியது. கரையேறும்போது விசிறி மணலில் இடிக்காதபடி, எஞ்சினையும் தண்டையும் சேர்த்தே சாய்த்துத் தூக்கும் அமைப்பை அவர்கள் உருவாக்கினார்கள். கடலில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் மணலுக்கு மரியாதை கொடுக்காத படகு இங்கே நிலைக்காது.

இந்த முன்னேற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பழுது நம் கையைவிட்டுத் தள்ளிப்போனது. கயிறு அறுந்தால் கட்டிக்கொள்ளலாம். இக்னிஷன் காயில் போனால் என்ன செய்வது? 1980-ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். படகு கட்டும் தளங்களோடு எஞ்சின் பட்டறைகளையும் அது நடத்தியது. தள்ளிப்போன பழுதை மீனவர்கள் தங்கள் சங்கத்தின் மூலமாகவே திரும்பப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. நிவாரணமாகப் பல கரைகளில் புது பைபர் படகுகள் குவிந்தன. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம். ஆனால் சிலவற்றின் தரம் மோசம், சில அந்தந்தக் கரைக்கே பொருந்தாதவை. இழந்தவனுக்குப் புதியதைக் கொடுப்பது எளிது. அவன் பழையதில் எது மிஞ்சியிருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும்.

ஆனி, ஆடியில் கடல் பொங்கிக் கிடந்தபோது வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டோம். பெரியப்பா சுத்தியலின் மரக்காம்பை என் கையில் தந்தார்.

"தட்டிப் பாரு மக்கா. நல்ல பலகை கணீர்னு சொல்லும். ஊறினது மொத்துன்னு நிக்கும்."

முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு முழ நீளத்துக்குச் சத்தமே மாறியது. அங்கே உளி வைத்தால் பலகை ஈரப் புகையிலை போல உதிர்ந்தது. நான் அந்த இடத்தோடு நிறுத்தப் பார்த்தேன். பெரியப்பா விடவில்லை, நல்ல பலகை தென்படும்வரை, அதற்கும் அப்பால் ஒரு கை அகலம் வரை, வெட்டச் சொன்னார். ஓரங்களைச் சரிவாகச் சீவி, புதுப்பலகையையும் அதே சரிவில் சீவிப் பொருத்தினோம். எனக்குக் கடினமாக இருந்தது இதற்கு முன்னால் காத்திருந்த நாட்கள்தான். பலகை காயாமல் ரெசின் பூசினால் ஈரத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டிவிடுவோம். பெரியப்பா கையை வைத்துப் பார்ப்பார், "இன்னும் ஈரம் இருக்கு" என்பார், மழைக்கு ஓலை போட்டு மூடுவார்.

அந்த நாட்களில் என் மனத்தில் ஒன்று உறுதிப்பட்டது. பழையது என்பதற்காக எதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. அழுகியதை இரக்கமில்லாமல் வெட்டியெறிய வேண்டும். ஆனால் திறந்து பார்க்கக்கூடிய, எது கெட்டது எது நல்லது என்று நம் கையாலேயே தட்டிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றை, கண்ணுக்குக் கிழடாகத் தெரிகிறது என்பதற்காகக் கைவிடக் கூடாது. இனி வீட்டுக்கு எது வாங்கினாலும், இது கெட்டால் இந்த ஊரில் யார் திறப்பார்கள் என்று முதலில் கேட்பேன். விலை அதற்குப் பிறகுதான். பெரியப்பாவின் மகனிடமும் இதைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, புதுசுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை ரெசினுக்கும் பலகைக்கும் அனுப்பினான்.

வள்ளம் இப்போது தண்ணீர் வாங்கவில்லை. எஞ்சின்தான் பாக்கி. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் திணறி நிற்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, பிளக்கில் படிந்த கரியைச் சுரண்டியாயிற்று. உதிரிபாகம் கிடைக்கவில்லையென்றால் இன்னொரு பழைய எஞ்சினை வாங்கி அதிலிருந்து கழற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்படி ஒன்றைக் கொண்டும் வந்தார். பெரியப்பா அதன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, இதையும் ஓடவைக்கலாமே, ஏன் பிரிக்கவேண்டும் என்று கேட்கிறார். இரண்டும் இப்போது திண்ணையில் இருக்கின்றன.