பிடித்தவர் பெயர்

நாமக்கல் சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் சிறுவர் கிரிக்கெட் ஆடுவதைக் காண்கிறோம். மட்டைக்கும் பந்துக்கும் போட்டி மிகுதி. மட்டையாளரின் அருகே நின்று பந்தைத் தடுக்க எவரும் முன்வருவதில்லை. அமெரிக்கரின் பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கிடையே காவல் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் பிறர் எறியும் பந்துக்காகவே விழித்திருப்பவர்.

மும்பையில் மைதானப் பராமரிப்பாளர் ஒருவரின் மகனான ஏக்நாத் சோல்கர் இத்தகைய இடத்திலேயே புகழ்பெற்றார். தலைக்கவசமின்றி ஷார்ட் லெக்கில் நின்றவர் அவர். 27 டெஸ்டுகளில் 53 கேட்சுகள் அவருடையவை. 1971-இல் ஓவல் மைதானத்தில் நம் வெங்கட்ராகவன் வீச, ஆலன் நாட் அடித்ததைச் சோல்கர் பாய்ந்து பிடித்தார். இங்கிலாந்து மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. விக்கெட்டோ வீசியவர் கணக்கில் சேர்ந்தது.

பிறர் கணக்கில் சேரும் உழைப்பு தாழ்ந்ததா? கொரிந்தியருக்குப் பவுலடியார் உடலை உவமையாக்கித் தந்த விடையை நாம் அறிவோம். ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. சோல்கர் தம் திறமையால் அவ்விடத்தை ஏற்றார். நம் ஆலயத்தை நாள்தோறும் பெருக்கும் தாய் அவ்வாறு ஏற்றவரா, அல்லது நாம் நிறுத்திய இடத்தில் நிற்பவரா? உபயதாரர் பெயர்களைக் கல்லில் பொறித்துவிட்டு, அத்தாயிடம் மட்டும் தாழ்ச்சியைப் போதிப்பது முறையாகுமா? தாமே ஏற்கும் மறைவு புண்ணியம். பிறர்மேல் நாம் சுமத்தும் மறைவு அநீதி.

ஆட்டக் குறிப்பேட்டிலும் பிடித்தவர் பெயரே முதலில் வருகிறது. வீசியவர் பெயர் அதன் பின்னரே.