காது சொல்லும் பொய்

சீடன்: ஐயா, வீட்டுக் கணினியிலேயே சேலம் காமலாபுரம் விமான ஓடுபாதையில் எத்தனையோ முறை இறங்கிவிட்டேன். சேர்வராயன் மலை எந்தப் பக்கம் வரும், எந்தக் காற்றுக்கு எந்த முனையில் இறங்குவது, எல்லாம் அத்துப்படி. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடியில் இருக்கும் சேலத்தில் வெயில் 38 டிகிரி அடித்தால், காற்று லேசாகி, நாலாயிரம் அடி உயரத்தில் ஏறுவதைப் போல விமானம் திணறும். அந்தக் கணக்கும் விளையாட்டில் இருக்கிறது. நிஜத்தில் இதற்குமேல் என்ன?

குரு: நிறையவே கற்றிருக்கிறாய் தம்பி. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மேகத்துக்குள் புகுந்து வெளியே எதுவுமே தெரியாவிட்டால் என்ன செய்வாய்?

சீடன்: தொடுவானக் கருவியைப் பார்த்து இறக்கைகளைச் சமமாக வைப்பேன். சுலபம்தானே?

குரு: நாற்காலியில் சுலபம். உள்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்று உண்டு. அவற்றுக்குள் திரவம் பின்தங்குவதை வைத்துத்தான் நாம் திரும்புவது உடம்புக்குத் தெரிகிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சுமார் 20 நொடியில் திரவமும் கூடச் சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். அப்புறம் நேராகப் போவதாகவே தோன்றும். அப்போது கருவியைப் பார்த்து இறக்கையை நிமிர்த்தினால், மறுபக்கம் சாய்ந்துவிட்டோம் என்று உடம்பு அலறும். கை தானாகப் பழைய சாய்வுக்கே போகும். உயரம் குறைகிறதே என்று மூக்கைத் தூக்கினால் சுழல் இன்னும் இறுகும். கெட்டிக்கார விமானிகளே இப்படி இறந்திருக்கிறார்கள்.

சீடன்: அசையும் மேடையுள்ள சிமுலேட்டரில் இதைப் பழகலாமே?

குரு: அந்த இயந்திரத்தை நான் மதிக்கிறேன். 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க், தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டே முதல் சிமுலேட்டர் பெட்டியை ஆட்டினார். வேடிக்கைப் பொருளாகத்தான் அது பலகாலம் விலைபோனது. 1934-இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப்போய், மோசமான வானிலையில் விமானிகள் அடுத்தடுத்து மாண்ட பிறகே அதை வாங்கினார்கள். இன்ஜின் தீப்பிடிப்பதை இன்று நிஜ விமானத்தில் பழக முடியுமா? சிமுலேட்டரில்தான் முடியும். ஆனாலும் அதைத் தாங்கும் ஆறு கால் மேடை ஒருகணம் சாயும், உடனே நடுவுக்குத் திரும்பிவிடும். நிற்காத திருப்பத்தை அதனால் தர முடியாது. நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் வானத்தில் பறந்தே ஆகவேண்டும் என்று வைத்திருப்பது சரிதான்.

சீடன்: உடம்பையே நம்பக் கூடாதென்றால், அங்கே அறிகிறவன் யார் ஐயா?

குரு: நல்ல கேள்வி. உடம்பு கத்துவதை உன்னால் நிறுத்த முடியாது. அதைக் கேட்டுக்கொண்டே கையை அசைக்காமல் இருக்கிற ஒருவன் உனக்குள் வேண்டும். கணினி முன்னால் உன் காது சும்மா இருக்கிறது. அதனால் அவனுக்கு இதுவரை வேலையே வரவில்லை.

சீடன்: அவனை எப்படி வளர்ப்பது?

குரு: நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு. மேலே போனதும் கண்ணை மூடிக்கொள். நான் மெதுவாகத் திருப்புவேன். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று முதலில் வாயால் சொல். பிறகு கண்ணைத் திறந்து கருவியைப் பார்.