தாத்தா நடிக்கிறாரோ?



வைகை அணைப் பக்கத்து வீடொன்றில், எண்பது கடந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 1959 ஜனவரி 21-ந் தேதி காமராஜர் அணையைத் திறந்துவைத்த தினத்தைப்பற்றிக் கேளுங்கள். எந்த மரத்தடியில் நின்று பார்த்தார் என்பது வரையில் சொல்லுவார். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள், விழிப்பார். "அணையில் இன்று எத்தனை அடி?" என்று அரைமணிக்குள் நாலுதரம் கேட்பார். சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர், "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று அண்டைவீட்டாரிடம் முறையிடுவார். மருமகளுக்கு எப்படியிருக்கும்! "பிள்ளைப் பிராயத்துக் கதையெல்லாம் தெரிகிறது, இப்போது தின்றது மாத்திரம் மறக்குமோ? எல்லாம் நடிப்பு" என்று அவள் வாய்விட்டால், அவளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அது அநியாயத் தீர்ப்பு.

அணையின் அடியில் வண்டல் சேருவதைக் கண்டவர் யார்? மேலே தண்ணீர்தான் தெரியும். நெடுநாளைய நீரிழிவும் அவ்விதமே மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஓசையின்றிக் கெடுக்கிறது. மறதி நோயில் புதியதைப் பதித்துவைக்கும் சக்தி முதலில் தளர, பழைய நினைவுகளோ பலகாலம் தங்கி நிற்கும். ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முதியோரைக் கவனித்துவந்த வைத்தியர்கள், நீரிழிவுள்ளவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்று 1999-ல் எழுதினார்கள். (எல்லாருக்கும் வருமென்பதல்ல, வீணாய்க் கலங்க வேண்டாம்.)

சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்தோமல்லவா? ஒளித்துவைத்த வெல்லக்கட்டியைத் தேடித் தின்கிற அந்தப் பெரியவரிடம் இவ்விரண்டில் எவ்வளவு மிச்சமிருக்கிறது? நாற்பது வயதில் சர்க்கரை இருப்பதறிந்தும் பரிசோதனைக்குப் போகாமல், விருந்துக்கு விருந்து ஜிலேபி தின்கிற நமக்கோ இரண்டும் பூரணமாய் இருக்கின்றன.

இன்னொரு கணக்கும் நம்முடையதே. மாத்திரை டப்பாவை இன்னமும் அவர் கையிலேயே விட்டிருக்கிறோமே! போட்டதை மறந்து மறுபடி போட்டாலும், இன்சுலினை இருமுறை குத்திக்கொண்டாலும், போட்டபின் உண்ண மறந்தாலும் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால், "வழக்கமான மறதிதானே" என்று இருந்துவிடாதீர்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயக்கமாயிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் க. விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

டப்பாவை வாங்கிக்கொள்வது அப்பாவின் உரிமையைப் பறிப்பதாகாதா என்று ஒரு மகன் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குகிற விதத்தில் இருக்கிறது விஷயம். மாத்திரையை வேளாவேளைக்கு நீங்கள் கொடுங்கள். பேத்தியின் கல்யாணப் பேச்சை மாத்திரம் அவர் முன்னிலையில் வைத்தே பேசுங்கள்.

ஐந்தாந்தரமும் அணையைப்பற்றிக் கேட்பார். எத்தனை அடியோ அதைச் சொல்லிவிட்டு, 71 அடி நிறைந்த வருஷத்துக் கதையைச் சொல்லும்படி அவரையே கேளுங்கள். அது அவருக்கு நன்றாய்த் தெரியும்.