கருவிழிப் புண்ணும் கன்மக் கொள்கையும்

அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் கதிரடிக்கும் கூலிப்பெண் ஒருத்தியின் கண்ணில் நெற்சுணை தெறித்துக் கீறிவிடுகிறது. முந்தானையால் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் வேலையில் இறங்கும் அவள், இரவில் உறுத்தல் மிகுந்தபோது யாரோ சொன்ன பச்சிலையைப் பிழிந்து விட்டுக்கொண்டு, கூலி போய்விடுமே என்று இரண்டு மூன்று நாள் பொறுத்திருந்து, இமை வீங்கி வெளிச்சம் கூசும் நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, கருவிழியின் நடுவில் குறுநொய் அளவில் ஒரு வெண்புள்ளி தோன்றியிருக்கிறது. பார்வை திரும்பாது என்று தெரிந்ததும் சுற்றத்தார் வாயிலிருந்து வரும் முதற்சொல், ‘அவள் செய்த வினை’ என்பதே. அவ்வாறு சொல்பவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, அந்தக் காரணத்தை நம் சமயங்கள் ஆயத்தமாக வைத்திருக்கின்றன. ஆயினும் அந்த விடை சரிதானா, சரியே ஆனாலும் அதைச் சொல்லும் அதிகாரம் நமக்கு உண்டா என்று ஆராய்வது ஆஸ்திகர்களின் கடமை என்று கருதுகிறேன்.

அதற்கு முன் அந்தக் கண்ணில் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். விழியின் முகப்பிலுள்ள கருவிழிப் படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. அதில் இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. முன்புறம் கண்ணீராலும் பின்புறம் விழிக்குள் ஊறும் நீராலும் போஷிக்கப்பட்டு, பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே பெற்று, நுண்ணிய நார்கள் பிசகாத வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதனாலும், உட்புறத்து உயிரணுக்கள் கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருப்பதனாலும் அது ஒளிக்கு வழிவிடுகிறது. மேல்தோல் சிதையாதவரை பெரும்பாலான கிருமிகள் உட்புக இயலா. கீறல் விழுந்ததும் நியூமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்களுக்கு வாசல் திறந்துவிடுகிறது. இவற்றுள் சூடோமோனாஸ் இரண்டு மூன்று நாளிலேயே படலத்தைக் கரைத்து ஓட்டையாக்கிவிட வல்லது. மருத்துவர் ஃபுளோரசின் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல ஒளியைப் பாய்ச்சும்போது புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. விழியின் முன்னறையின் அடியில் சீழ் மட்டமாகத் தேங்கி நிற்பதையும் சிலரிடம் காணலாம்.

இவை எல்லாவற்றிலும் என் உள்ளத்தை மிகவும் வருத்துவது அந்தப் புண் ஆறுகிற விதம். கிருமிகளை எதிர்க்க விரைந்து வரும் வெள்ளணுக்களின் நொதிகளே படலத்தின் நார்களையும் சேர்த்து அழிக்கின்றன. மருந்தினால் கிருமி ஒழிந்த பின்பு, உடல் அந்தக் குழியைப் புதிய நார்களால் நிரப்பி மூடுகிறது. ஆனால் பழைய ஒழுங்கு கைகூடாமையால் அவ்விடம் வெளுத்து, கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரார் சொல்லும் தழும்பாக நிலைத்துவிடுகிறது. விழியைக் காத்த செயலே பார்வையை மறைத்துவிடுகிறது. ஓட்டை விழுந்திருந்தாலோ, பின்னிருக்கும் கண்மணித் திரை அதில் வந்து ஒட்டிக்கொண்டு, பிற்காலத்தில் கண்ணழுத்த நோய்க்கும் இடமுண்டாகிறது. பாதிக்கப்பட்டது சிறு குழந்தையானால், அந்தக் கண்ணைக்கொண்டு காண்பதற்கு மூளை கற்றுக்கொள்ளாமலே போய்விடக்கூடும். 1945-இல் சென்னையில் நாட்டின் முதல் கண்வங்கி தோன்றிய காலம் முதல், இறந்தவர் ஈந்த கருவிழியால் எத்தனையோ பேர் பார்வை பெற்றிருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் இரத்தக் குழாய்கள் படர்ந்துவிட்ட தழும்பில் அந்தத் தானத்தையும் உடல் ஏற்காமல் தள்ளிவிடும் அபாயம் மிகுதி.

இதனை விதியென்று முடிவுகட்டுவதற்கு முன், நேபாளத்துப் பக்தபூரில் நடந்ததை அறிய வேண்டும். அங்கே கிராமத் தொண்டர்கள் கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு குளோராம்பெனிகால் என்னும் எளிய களிம்பை மூன்று நாள் இட்டு வந்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி, களிம்பு பெற்ற 442 பேரில் 424 பேருக்குப் புண் வைக்காமலே கீறல் ஆறிவிட்டது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கழிந்து, இரண்டாம் நாள் முடிவதற்குள் வந்த 49 பேரிலோ 14 பேருக்கு வந்துவிட்டது. அந்த 284 பேரும் முற்பிறவியில் புண்ணியசாலிகள், இந்த 14 பேரும் பாவிகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ‘காலந்தாழ்ந்து வந்ததும் வினைதானே’ என்று ஒருவர் வாதிக்கலாம். அப்படியானால் களிம்போடு ஒரு தொண்டர் வாசலுக்கு வந்ததும் வினைதான்; இரண்டில் எது நேரும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை, அறியாத ஒன்றைக் காரணங்காட்டிக் கடமையைக் கைவிட நமக்கு உரிமையுமில்லை.

சைவ சித்தாந்தம் கன்மத்தைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வகுக்கிறது: குவிந்து கிடக்கும் பழவினை, இப்பிறவியில் நுகர வந்த வினை, இனி ஏறப்போகும் வினை. அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேர்ந்தது பிராரப்தம் என்றே வைத்துக்கொள்வோம்; அவள் கண்ணைக் கசக்கியதைக் கண்டும், ஒரு நாள் கூலியைக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்பாத களத்துச் சொந்தக்காரருக்கு ஏறுவது ஆகாமியம் அல்லவா? வினைக்கோட்பாடு தன் துன்பத்தைத் தாங்குவதற்கும் தன் செயலைத் திருத்திக்கொள்வதற்கும் ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தக்கது. பிறர் துன்பத்தின்மீது அதை ஏவுகிற அக்கணமே அது தத்துவமாக இராமல் கொடுமையாகிவிடுகிறது.

சுந்தரர் சரிதமும் இதற்குச் சான்று தருகிறது. பிரியேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதனால் அவர் இரு கண்ணும் இழந்தார். குற்றம் இன்னதென்பதில் ஐயமே இல்லை. இருந்தும் அவர், இது என் வினை என்று மூலையில் ஒடுங்கிவிடாமல், தலந்தோறும் சென்று இறைவனிடம் முறையிட்டார், உரிமையோடு பிணங்கினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். குற்றம் தெளிவாக இருந்த இடத்திலேயே பார்வையைக் கேட்பதும் கொடுப்பதும் தகும் என்றால், நெற்சுணை தெறித்ததைத் தவிர வேறு குற்றம் அறியாத ஓர் ஏழையிடம் வினைக்கணக்குப் பார்ப்பது எந்தச் சமயத்துக்கு அடுக்கும்?

ஆகையால் களம் வைத்திருப்பவர்களையும், வீட்டுப் பெரியவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்: கண்ணில் ஏதோ பட்டு உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால், பச்சிலைச் சாற்றையும் தாய்ப்பாலையும் அதில் விடாமல், அன்று பொழுது சாய்வதற்குள் அவரைக் கண் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.