வாக்கும் நன்றிக்கடனும்

2009-இல் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலில் எழுந்த, வாக்குக்குப் பணம் என்ற குற்றச்சாட்டு 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தல் நடைபெற்றபோதும் பேசப்பட்டது. பணம் பெற்றவர் கொடுத்தவருக்கே வாக்களிக்கக் கடமைப்பட்டவரா என்பது அதில் அடங்கிய அறக்கேள்வியாகும்.

இவ்வாறு தனிப்பட்ட நன்மையைத் தந்து அரசியல் ஆதரவைப் பெறும் முறையை அரசியல் அறிஞர்கள் புரவலர்–சார்பாளர் உறவு என்பர். யாருக்கு வாக்களித்தார் என்று பாராமல் பொதுவிதிப்படி அனைவருக்கும் பயன் சேர்ப்பதோ திட்டவழிக் கொள்கையாகும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட, பென்னாகரம் அடங்கிய தருமபுரி மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

திருவள்ளுவர் செய்ந்நன்றியை உயர்த்திப் பேசினாலும், பயனை எடைபோடாமல் செய்த உதவியையே கடலினும் பெரிதென மதிக்கிறார். ஆதலால் வாக்கை எதிர்பார்த்துத் தரப்படும் பணம் உதவியாகாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் அதனைத் தருவதை ஊழல் நடவடிக்கை என்றே வகுக்கிறது. அப்பணத்தைப் பெறுவதே தவறு; பெற்றபின் நன்றியின் பெயரால் மனச்சான்றை அடகுவைப்பது இரண்டாம் தவறு. வாக்கு ஒருவருக்கு உரியதாயினும் அதன் விளைவு அனைவரையும் சேர்வதால், வாக்காளரின் முதற்கடன் தம்மோடு அதே நீரை அருந்தும் அயலாருக்கே உரியது.