தேதியை மாற்றியவர்

நாட்டை விட்டு ஓடுவதற்கு வரி உண்டா? ஜெர்மனியில் இருந்தது. பெயரே 'ஓடிப்போகும் வரி'தான். ஹிட்லர் வருவதற்கு முன்பே, 1931 டிசம்பரில், பணக்காரர்கள் சொத்தைச் சுருட்டிக்கொண்டு வெளிநாடு போய்விடக் கூடாதே என்று போட்டது. சொத்து மதிப்பில் 25 சதவீதம். நியாயமான வரி என்றுதான் என் மாதிரி பி.காம். ஆசாமிகள் சொல்வார்கள். நாஜிகள் புதுச் சட்டம் எழுதக்கூட சிரமப்படவில்லை. 1934-ல் வரம்பை 2 லட்சம் மார்க்கிலிருந்து 50 ஆயிரத்துக்கு இறக்கினார்கள். அடித்து விரட்ட வேண்டியது. சரி, போகிறேன் என்று யூதன் கிளம்பினால், ஏன் போகிறாய் என்று வரி கேட்க வேண்டியது!

கிளம்புவதும் லேசில்லை. வரி பாக்கி இல்லை என்று சான்றிதழ் வேண்டும். எடுத்துப்போகும் சாமான்களுக்கு லிஸ்ட் வேண்டும். போர்வை, ஸ்பூன், குழந்தையின் சட்டை என்று எல்லாவற்றையும் எழுதி, 1933-க்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா என்று பிரித்துக் காட்ட வேண்டும். புதுசு என்றால் அதற்குத் தனியாகப் பணம். வங்கியில் இருப்பது முடக்கப்பட்ட கணக்குக்குப் போய்விடும். கையில் 10 மார்க்.

இதில் என்னை உறுத்துவது தெருவில் கண்ணாடியை உடைத்த ரவுடி அல்ல. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, கூட்டல் கழித்தல் பிசகாமல் போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்தாரே வரி அலுவலர், அவர்தான். ஆடிட்டில் ஒரு பைசா உதைக்காது. அவர் நாணயமானவரா?

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு அதிகாரி. பால் க்ரூனிங்கர், ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் கேலன் மாநில போலீஸ் தலைவர். 1938 ஆகஸ்டில், விசா இல்லாத அகதிகளுக்கு ஸ்விஸ் அரசு கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு ஓடி வந்த நூற்றுக்கணக்கானவர்களை, முன்பே வந்துவிட்டதாகத் தேதி மாற்றி எழுதி உள்ளே விட்டார் க்ரூனிங்கர். எங்கள் காமர்ஸ் வாத்தியார்கள் பாஷையில், ஃபோர்ஜரி. கோர்ட்டும் அதையேதான் சொன்னது. 1939-ல் வேலை போச்சு, பென்ஷனும் இல்லை. 1940-ல் 300 ஃப்ராங்க் அபராதம்.

ஆளாளுக்குத் தேதியை மாற்ற ஆரம்பித்தால் அரசாங்கம் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ரிஜிஸ்டரைத் திருத்துகிறவன் பெரும்பாலும் தன் பைக்காகத் திருத்துகிறான்; அதற்குத்தான் விதி. க்ரூனிங்கர் பையிலிருந்து போனதே தவிர, வந்தது எதுவுமில்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

அவர் குற்றவாளி இல்லை என்று ஸ்விஸ் கோர்ட் சொன்னது 1995-ல். அவர் 1972-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வரி அலுவலர்கள்? போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில், பறிபோன சொத்தைக் கேட்டு யூதர்கள் மனு போட்டபோது, அதை வாங்கிப் பரிசீலித்தவர்களில் அவர்களும் சிலர் இருந்தார்கள்.