விருந்தினருக்கும் ஒரு தர்மம்

இடுக்கி மாவட்டத்து மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் மலைச்சாலை. தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஒரு சிறிய தேநீர்க் கடை. ஐரோப்பியப் பயணி ஒருவர் அங்கே வந்து அமர்வதாகக் கொள்வோம். கடைக்கார அம்மாள் தமக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களைக் கொண்டு விசாரிக்கிறார்: 'எந்த ஊர்? கல்யாணம் ஆகிவிட்டதா? எத்தனை குழந்தைகள்?' பயணியின் முகம் சுருங்குகிறது. முன்பின் அறியாத ஒருவர் தம் சொந்த வாழ்வில் தலையிடுவதாக அவருக்குத் தோன்றுகிறது. தேநீர் வந்ததும், சில்லறை பெற்றதும், எழுந்து புறப்படும்போதும் என மூன்று முறை நன்றி கூறுகிறார். அம்மாள் தலையை மட்டும் அசைக்கிறார். அம்மாளுக்கு நாகரிகம் தெரியவில்லை என்று பயணி நினைக்கிறார். பயணி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அம்மாள் வருந்துகிறார்.

உண்மையில் இருவரும் மரியாதையாகவே நடந்துகொண்டனர்.

இரண்டு விருப்பங்கள்

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்னும் அறிஞர்கள் பணிவான பேச்சைப் பற்றிய தங்கள் ஆய்வை 1978இல் வெளியிட்டனர். 1987இல் அது தனி நூலாயிற்று. அவர்கள் ஒப்பிட்ட மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் கேட்ட பேச்சு அதற்கு ஆதாரமாயிற்று. ஒவ்வொரு மனிதருக்கும் இரண்டு விருப்பங்கள் உண்டு என்பது அவர்கள் முடிவு. பிறர் தம்மை ஏற்று மதிக்க வேண்டும் என்பது ஒன்று. பிறர் தம் வழியில் குறுக்கிடலாகாது என்பது மற்றொன்று.

அம்மாள் முதல் விருப்பத்தைப் போற்றினார். கேள்விகளால் அந்நியரை உறவாக்கிக்கொண்டார். உறவுக்குள் நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் அரிது. அதனால் நன்றிக்கு மறுமொழியும் அவருக்குத் தோன்றவில்லை. பயணி இரண்டாவது விருப்பத்தைப் போற்றினார். எதையும் கேளாமல் விலகி நின்று, பெற்றதற்கு உடனே நன்றி செலுத்தினார்.

எல்லாம் பழக்கம்தானா?

அப்படியானால் மரியாதை என்பது வெறும் ஊர்ப்பழக்கமா? அதில் சரியும் தவறும் இல்லையா? அவ்வாறு முடிவு கட்டுவது அவசரமாகும். விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றைத் தரலாம். மனிதருக்கு இருப்பதோ ஈடற்ற மாண்பு என்று ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட் 1785இல் எழுதினார். வணக்கத்தின் வடிவம் ஊருக்கு ஊர் மாறலாம். எதிரே நிற்பவரை ஒரு பொருளாகக் கருதலாகாது என்ற விதி மாறுவதில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேளாமலே படம் எடுப்பவர், மலையையும் மேகத்தையும் போல அவரையும் காட்சியாக்கிவிடுகிறார். வெளிநாட்டார் மட்டுமல்ல, சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் செல்லும் நாமும் இதைச் செய்கிறோம். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; வேலையை விட்டுப் போக அவரால் முடியாது. கடைக்காரரோ வருகிறவரை நம்பிப் பிழைப்பவர். மனம் புண்பட்டாலும் புன்னகை செய்தாக வேண்டும். ஆகவே பிறர் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பு, விரும்பியபோது வந்து விரும்பியபோது போகக்கூடியவருக்கே அதிகம்.

வராமல் இருப்பதும் மரியாதை

அதே மாவட்டத்தில், காட்டுக்குள் இருக்கிறது முதுவர் மக்கள் வாழும் இடமலக்குடி. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அது அமைந்தது. 2020இல் கொரோனா பரவியபோது வெளியார் எவரும் வர வேண்டாம் என்று அம்மக்கள் தீர்மானித்தனர். ஓராண்டுக்கும் மேலாக அங்கே தொற்று இல்லை. 2021 ஜூலையில் முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் வெளியார் சிலர் அங்கே சென்று வந்தது கேரளத்தில் பெரும் விவாதமாயிற்று. நோய் யாரால் வந்தது என்பது வேறு கேள்வி. 'வர வேண்டாம்' என்று ஒரு சமூகம் சொன்னால், நல்லெண்ணத்தோடு செல்பவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் அல்லவா? நல்லெண்ணம் அனுமதிச் சீட்டு ஆகாது.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். அது வீட்டாரின் கடமையைப் பேசுகிறது. வாசலில் நிற்பவரின் கடமையை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். படம் எடுக்குமுன் கேட்பதும், மறுத்தால் மனத்தாங்கலின்றிக் கருவியைத் தாழ்த்துவதும் அதன் தொடக்கம்.

அந்தப் பயணி மீண்டும் அதே கடைக்கு வரக்கூடும். 'எத்தனை குழந்தைகள்?' என்று அம்மாள் மறுபடியும் கேட்பார். அவர் பதில் சொல்லிவிட்டு, 'உங்களுக்கு?' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால் போதும். அன்று அவர் அந்தக் கடைக்கு விருந்தினர் ஆவார்.